வாந்திபேதியும் உப்பு நீரும்

காலரா என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மக்கள் ஊரையே காலி செய்துகொண்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. வாந்திபேதி என்றும், ஊழிநோய் என்றும், கொள்ளைநோய் என்றும் நம் முன்னோர் அதனை வழங்கினர். பெயரைச் சொன்னால் வந்துவிடுமோ என்று அஞ்சி, 'அந்த நோய்' என்று மட்டுமே சொல்லி நிறுத்திக்கொண்ட முதியவர்களை நான் என் சிறு வயதில் கண்டிருக்கிறேன். மாணவச் செல்வங்களே, இந்நோயைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். ஆயினும் நன்றாகப் பாடம் நடத்தியவன் என்ற பெருமையோடு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

நான் பணியில் சேர்ந்த புதிது. எட்டாம் வகுப்பிற்கு அறிவியல் ஆசிரியன். 'காலரா பரவும் விதத்தையும் அதனைத் தடுக்கும் முறைகளையும் விவரி' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா கொடுத்திருந்தேன். ஒரு பையன் ஐந்துக்கு ஐந்தும் பெற்றான். ஈக்கள், திறந்த உணவுப் பண்டங்கள், அசுத்தமான நீர், காய்ச்சிப் பருகுதல் என்று ஒன்று விடாமல் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தான். சில வாரங்கள் கழித்து, மழை நாட்களில், அவன் இரண்டு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். அவனுடைய நான்கு வயதுத் தங்கைக்கு ஒரு மாலையில் பேதி கண்டது; விடியுமுன் குழந்தை இறந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் பேதி இன்னும் மிகும் என்று வீட்டுப் பெரியவர்கள் கருதி, உதட்டை மட்டும் துணியால் நனைத்துக்கொண்டிருந்தார்களாம். 'ராத்திரி முழுக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள், சார்' என்றான்.

அக்குழந்தைக்கு வந்தது காலராவா, வேறு வகைப் பேதியா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் எதுவாக இருந்தாலும் செய்யவேண்டியது ஒன்றே. அதை அந்தப் பையனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நோய் எவ்வாறு பரவும், எவ்வாறு தடுப்பது என்பதே என் வினா. வந்துவிட்டால் அந்த இரவில் என்ன செய்வது என்பது என் வினாவில் இல்லை. பாடநூலிலும் இல்லை என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆசிரியன் என்பவன் பாடநூலுக்கு வெளியேயும் ஏதேனும் அறிந்திருக்க வேண்டியவன் அல்லவா?

ஆகவே இன்று தலைகீழாகத் தொடங்குகிறேன். இந்நோயில் மனிதன் எதனால் இறக்கிறான்?

காலராக் கிருமி காற்புள்ளியைப் போல் வளைந்த, வால் உள்ள, மிக நுண்ணிய உயிர். விப்ரியோ காலரே என்பது அதன் பெயர். அசுத்த நீருடனோ உணவுடனோ வயிற்றுக்குள் சென்று, சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அது குடலைத் துளைப்பதில்லை, தசையை அரிப்பதில்லை, இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதுமில்லை. இருந்த இடத்தில் இருந்தவாறே ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சு குடற்சுவரின் உயிரணுக்களுக்குள் புகுந்து, உப்பை வெளியே தள்ளும் ஒரு விசையைத் திருகி விட்டுவிடுகிறது. உப்பு சென்ற வழியே நீரும் செல்லும். உடம்பிலுள்ள நீர் குடலுக்குள் கொட்டி, அரிசி களைந்த கழுநீர் போன்ற நிறத்தில் பேதியாக வெளிப்படுகிறது. நோய் கடுமையானால், வளர்ந்த மனிதன் ஒருவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு நீர் குறைந்துவிட்டாலே உயிருக்கு ஆபத்து. கண்கள் குழி விழுகின்றன; நா வறள்கிறது; அழுதால் கண்ணீர் இல்லை; கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது; வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையாமல் நிற்கிறது; சிறுநீர் நின்றுவிடுகிறது; நாடி நூலாகிறது. காலையில் வயலுக்குச் சென்றவன் இரவுக்குள் இறந்தான் என்று பழைய கதைகளில் கேட்கிறோமே, அது மிகையன்று. கடுமையாக நோயுற்றோரைச் சிகிச்சையின்றி விட்டால் பாதிப்பேர் வரை இறப்பர். தக்க சிகிச்சை உரிய வேளையில் கிடைத்தால் நூற்றுக்கு ஒருவர் கூட இறப்பதில்லை. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே நிற்பது நீரும் உப்புமே.

கிருமி உட்சென்ற 12 மணி நேரம் முதல் 5 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். உட்கொண்ட எல்லோருக்கும் வெளிப்படுவதில்லை என்பதையும் கவனியுங்கள். பலர் ஒரு தொந்தரவுமின்றி நடமாடுவர். ஆனால் அவர்கள் மலத்திலும் சில நாட்கள் கிருமி இருக்கும். அதனால்தான் நோயாளியை மட்டும் ஒதுக்கி வைத்து இந்நோயை ஒழிக்க முடிவதில்லை.

லண்டன் மாநகரில் 1854ஆம் ஆண்டில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், பிராடு தெருவின் அடிகுழாய்க் கைப்பிடியைக் கழற்றச் செய்த வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள், விரிக்க வேண்டுவதில்லை. ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் நம் கல்கத்தாவிற்கு வந்து, 1884இல் நோயாளிகளின் குடலிலும், மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் இக்கிருமியைக் கண்டார் என்பதும் தெரிந்ததே. ஆனால் கிருமி என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக நிறுவியவர் கல்கத்தா மருத்துவப் பேராசிரியர் சம்பு நாத் தே. முயலின் குடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் கட்டி, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் அதனுள் செலுத்தினார். கிருமி ஒன்றுகூட இல்லாத அந்நீரே குடலைப் புடைக்கச் செய்தது. கட்டிய பகுதி முழுவதும் நீர் தேங்கியது. குற்றவாளி நஞ்சு என்பது விளங்கிற்று. இது 'நேச்சர்' இதழில் 1959ஆம் ஆண்டு வெளியாயிற்று. எளிய சாதனங்களைக் கொண்டு இத்தகைய ஆராய்ச்சி செய்த அம்மனிதரை, வாழ்ந்த நாளில் நம் நாடு போதிய அளவு போற்றவில்லை என்பது என் மனக்குறை. 1985இல் அவர் காலமானார்.

இனி, நீர் போனால் நீரைக் கொடுக்க வேண்டியதுதானே என்று எந்தக் குழந்தையும் கேட்கும். வைத்திய உலகம் அந்த இடத்திற்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. 1831இல் இங்கிலாந்தில் ஓஷானஸி என்னும் இளம் வைத்தியர் நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்துப் பார்த்து, நீரும் உப்பும் குறைந்திருப்பதைச் சொன்னார். இவரே பிற்காலத்தில் இந்தியா வந்து நமக்குத் தந்திக் கம்பி போட்டுக் கொடுத்தவர். அவர் சொன்னதைக் கேட்டு, ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்பவர் 1832இல் நோயாளிகளின் நாளத்தில் உப்பு நீரைச் செலுத்தினார். இறக்கும் தறுவாயில் இருந்தோர் எழுந்து அமர்ந்தனர். அப்படியிருந்தும் அது கைவிடப்பட்டது! நீரின்றி வாடிய நோயாளிகளுக்கு மேலும் இரத்தம் வடிப்பதும், பேதி மருந்து கொடுப்பதும் பல்லாண்டுகள் தொடர்ந்தன. பெரியவர்கள் தண்ணீரை மறுத்தது பட்டிக்காட்டு அறியாமை என்று நாம் நகைப்பதற்கில்லை. படித்த ஐரோப்பாவும் அதையே செய்தது.

இருபதாம் நூற்றாண்டில் நாளத்தின் வழியே உப்பு நீர் ஏற்றும் முறை செம்மையுற்றது. நம் ஊரில் 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்று சொல்கிறோமே, அதுதான். ஆனால் அதற்கு ஊசி வேண்டும், தூய்மை செய்த புட்டி வேண்டும், பழகிய கை வேண்டும். காலராவோ இவையெல்லாம் இல்லாத இடத்திற்கே செல்லும் நோய். வாய் வழியே உப்பு நீரை மட்டும் கொடுத்தால் குடல் அதை ஏற்பதில்லை. பேதியோடு பேதியாகப் போய்விடும். இங்கேதான் சர்க்கரை வந்து சேர்கிறது.

வங்கிகளில் பெட்டகம் பார்த்திருப்பீர்கள். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று நம்மிடம், ஒன்று வங்கியாரிடம். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் திறக்கும். குடற்சுவரில் அப்படி ஒரு கதவு உண்டு. அதற்கு உப்பு ஒரு சாவி, சர்க்கரை ஒரு சாவி. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டும் உள்ளே செல்லும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்லும். இவ்வாறு சர்க்கரையும் உப்பும் இணைந்து செல்கின்றன என்பதை 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். இதில் வியப்பு யாதெனில், காலரா நஞ்சு வெளிவாசலைத் திறந்துவிடுகிறதே தவிர, இந்த உள்வாசலைத் தொடுவதே இல்லை. குடலில் வெள்ளமாய் நீர் பெருகும் வேளையிலும் இக்கதவு பழுதின்றி வேலை செய்கிறது!

இதற்கும் முன்னரே, 1953இல், கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் மருத்துவர் 186 நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுத்துக் குணம் கண்டதாக 'லான்செட்' இதழில் எழுதினார். நம் வீட்டு முற்றத்தில் வளரும் கற்பூரவள்ளி இலைச் சாற்றையும் அவர் பயன்படுத்தினார். எவ்வளவு நீர் போயிற்று, எவ்வளவு வந்தது என்ற அளவுக் கணக்கு அதில் இல்லாமையால் அறிஞர் உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நலின், ரிச்சர்டு கேஷ் முதலியோர் அந்தக் கணக்கோடு நிறுவியபின் ஒப்புக்கொண்டது. ஆயினும், பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் ஆஸ்பத்திரியில் மட்டுமே இதைக் கொடுக்கலாம் என்ற தயக்கம் நீங்கவில்லை. அந்தத் தயக்கத்தை நீக்கியது 1971.

அந்த ஆண்டில் கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டு, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் அகதிகளாய் நம் நாட்டிற்குள் வந்தனர். எல்லையருகே வனகாவ்ம் என்னும் பங்காவ்ன் ஊரின் முகாமில் மட்டும் சுமார் 3,50,000 பேர். மழையும் நெரிசலும் சேர, காலரா வந்தது. கல்கத்தாவிலிருந்து திலீப் மஹலானபிஸ் என்னும் குழந்தை மருத்துவர் அங்கே அனுப்பப்பட்டார். ஆஸ்பத்திரியில் இரண்டு அறைகளில் தரை முழுவதும் நோயாளிகள். மலமும் வாந்தியும் நிறைந்த தரையில் மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற முடிந்தது. கொண்டுவந்த உப்பு நீர்ப் புட்டிகள் தீரும் நிலை. அப்போது அவர் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் நிறுத்துப் பொட்டலமாகக் கட்டி வரவழைத்தார். பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் தாயும் தமக்கையும் கணவனும் குவளை குவளையாக மொண்டு கொடுத்தனர். பழகிய கைகள் அங்கே இல்லை. அன்புள்ள கைகளே வைத்தியம் செய்தன. ஒரு லிட்டருக்கான பொருட்செலவு 11 பைசா. 3,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு சிகிச்சை பெற்றனர். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

வானொலியில் பேசும் நான் இதையும் சொல்லியாக வேண்டும். உப்பையும் சர்க்கரையையும் கலக்கும் முறையைத் துண்டறிக்கைகளாக எல்லையோரத்தில் வழங்கியதோடு, வங்கதேச விடுதலைப் படையினரின் மறைவான வானொலி ஒன்றும் அதனை ஒலிபரப்பியது. மருத்துவர் எட்ட முடியாத இடத்தை அந்தச் சிறு குரல் எட்டியிருக்கும்.

போர் முடிந்தபின் வங்கதேசத்தில் நடந்த ஒரு காரியம், ஆசிரியனாகிய என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பஸ்லே ஹசன் அபேத் நிறுவிய 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம், 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் பெண்களை அனுப்பியது. எழுத்தறியாத தாய்மாருக்குப் பாடம். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர். தாயே தன் கையால் கலந்து காட்டவேண்டும். ஒரு மாதம் கழித்து வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, அத்தாய்மார் நினைவில் வைத்திருப்பது எவ்வளவு என்று வினவுவார். அந்த விடைகளைப் பொறுத்தே கற்பித்த பெண்ணுக்குச் சம்பளம்! இந்த விதி நம் பள்ளிகளில் இருந்திருந்தால், என்னையும் சேர்த்து, எத்தனை பேர் வீட்டில் அடுப்பெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆனால் கேளுங்கள். தாய்மார் நன்றாகவே விடை சொன்னார்கள். பேதி வந்தபோதோ மிகச் சிலரே கலந்து கொடுத்தார்கள். ஏனென்று ஆராய்ந்தபோது, கற்பித்த பெண்களே தமக்குப் பேதி வந்தால் மாத்திரை தேடி ஓடினர் என்பது தெரிந்தது. அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. பின்னர் அவர்களை அழைத்து, இந்நீர் குடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளக்கி, தமக்கு நோய் வந்தால் இதையே பருகவேண்டும் என்றார்கள். வீட்டு ஆண்களிடமும் பேசினார்கள். அதன் பிறகே பயன்படுத்துவோர் தொகை ஏறியது. ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் இப்பாடம் சென்றது. ஐந்துக்கு ஐந்து வாங்கிய என் மாணவனை இங்கே நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது செய்முறை. ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். உறையில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பாதி பாதியாக அல்ல. 24 மணி நேரத்திற்குப் பின் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தூய நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு, கண்ணீரைவிடக் கரிக்கலாகாது. ஒவ்வொரு முறை பேதியானதும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு அதைப்போல் இரு மடங்கு, மற்றவர்க்குக் கேட்கும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடரலாம். தாய்ப்பாலையோ கஞ்சியையோ நிறுத்தலாகாது. இதை வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நினைவு தளர்ந்து பருக முடியாத நிலையில் இருப்பவருக்கு நாளத்தின் வழி ஏற்றுவதே வழி. அங்கு ஒரு மணி நேரத் தாமதமும் பெரிது. கிருமியைக் கொல்லும் மருந்துகள் உண்டு. அவை நோய்க்காலத்தைக் குறைக்கும். மருத்துவர் சொன்னால் உண்ண வேண்டும். நீருக்கு அவை ஈடாகா. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாட்கள் கொடுப்பர்.

தடுப்பைப் பற்றி நீங்கள் அறிந்ததே மிகுதியாகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1892ஆம் ஆண்டு 8,000க்கும் மேற்பட்டோர் காலராவால் மாண்டனர்; ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரில் அந்தப் பேரழிவு இல்லை. இரண்டு நகரங்களுக்கும் அதே எல்பா நதிதான் நீர். ஆல்டோனா மணலில் வடிகட்டியது, ஹாம்பர்க் வடிகட்டவில்லை. வீட்டில் நாம் செய்யக்கூடியது, நீரைத் தளதளவென்று கொதிக்க வைப்பது. அல்லது குளோரின் இட்டு அரைமணி, ஒரு மணி நேரம் காத்திருப்பது. கலங்கல் நீரில் குளோரின் வீணாகும். முதலில் தெளிய விடுங்கள். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையை நான்கு மடிப்பாக மடித்து நீரை வடிகட்டச் செய்து பார்த்தார்கள். காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களோடு ஒட்டி வாழ்வதால், அவை துணியில் தங்கும்போது கிருமியும் தங்கிவிடுகிறது. நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2003இல் வெளியிட்டார்கள். காய்ச்சுவதற்கு விறகில்லாத வீட்டிற்கு இது எவ்வளவு பெரிய உதவி!

திருவிழாவிற்குப் போகுமுன் காலரா ஊசி போட்டுக்கொண்ட நினைவு என் வயதினர்க்கு இருக்கும். கை இரண்டு நாள் வலிக்கும். அதன் காப்பு அரைகுறையானது, சில மாதங்களே நிற்பது. இக்காலத்தில் வாய்வழியாகக் கொடுக்கும் தடுப்பு மருந்து அதனினும் மேலானது. நோய் பரவும் இடங்களில் அதனை வழங்குகிறார்கள். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலக்குமாயின் அதுவும் நெடுநாள் காவாது. இந்நோய் எங்கோ போய்விட்டது என்றும் எண்ணாதீர்கள். ஓ-139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி 1992இல் முதலில் கண்டறியப்பட்ட இடம் நம் சென்னை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா தோன்றி, பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது.

அந்தப் பையனின் வகுப்பிற்கு மறு பருவத்தில் நான் அவ்வினாவை மீண்டும் கொடுக்கவில்லை. ஒரு மண்பானை நீரும், உப்பும், சர்க்கரையும், ஒரு தேக்கரண்டியும் மேசைமேல் வைத்து, ஒவ்வொருவராக வந்து கலக்கச் சொன்னேன். ஒவ்வொருவர் கலந்ததையும் நான் ஒரு வாய் சுவைத்துப் பார்த்தேன். பலர் உப்பை அள்ளிப் போட்டிருந்தார்கள். கொட்டிவிட்டு மறுபடி கலக்கச் செய்தேன். அவன் முறை வந்தபோது, கரண்டியிலிருந்த உப்பை விரலால் தலைதட்டிவிட்டு, கலந்தபின் தானே முதலில் பருகிப் பார்த்து, என்னிடம் நீட்டினான்.